வாளி பிடிப்பவருக்கும் பயிற்சி வேண்டும்

திண்டிவனத்தில் குடியிருந்துகொண்டு விழுப்புரத்துக் கல்லூரியில் வேலை பார்ப்பவன் நான். காலையில் பாசஞ்சர் வண்டியில் முக்கால் மணி நேரப் பயணம். விடைத்தாள் திருத்துவது, நாளிதழ் படிப்பது, மாணவர்களின் கேள்விக்குப் பதில் சொல்வது எல்லாம் அந்த நேரத்தில்தான். சென்ற மாதம் அதே வண்டியில் வரும் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் என் கையிலிருந்த அழைப்பிதழை எட்டிப் பார்த்துவிட்டு, "சார், நீங்க பிசிக்ஸ் வாத்தியார். கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்துல உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். முண்டியம்பாக்கம் வருவதற்குள் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை உங்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அந்த அழைப்பிதழ் ஒரு பயிற்சிப் பட்டறைக்கானது. களநிலையங்களிலும் கடலோர ஆய்வுக்கூடங்களிலும் பணிபுரிகிறவர்களுக்கு அவ்வப்போது இத்தகைய பட்டறைகள் நடக்கின்றன. களநிலையம் என்றால் வேறொன்றுமில்லை. ஆராயப்படும் உயிர்கள் வாழும் இடத்துக்கே ஆய்வுக்கூடத்தைக் கொண்டுபோய் வைப்பது. விழுப்புரத்தில் ரயிலேறி கடலூர் வழியாகச் சிதம்பரம் போகும்போது, சிதம்பரத்துக்குச் சற்று முன்னால் பரங்கிப்பேட்டை வரும். அங்கே வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. தெற்கே மண்டபத்தில் இயங்கிவந்தது 1947-ல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். அதன் தலைமையகம் 1971-ல் கொச்சிக்குப் போய்விட்டது என்றாலும் மண்டபத்தில் இன்றும் அதன் மையம் உண்டு. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டுப் பறக்கவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? திண்டிவனத்தில் மரக்காணம் பஸ் ஏறினால் கழுவெளி வந்துவிடும். கடல்நீரும் மழைநீரும் கலக்கும் அந்தப் பரந்த நீர்நிலை 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கும் காவலர்கள் வேண்டும், பறவைகளை எண்ணுகிறவர்கள் வேண்டும், நீர்மட்டத்தைப் பார்த்துக் குறிப்பவர்கள் வேண்டும்.

இந்த இடங்களிலெல்லாம் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இந்த இதழில் நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது மற்றவர்களைப் பற்றி. படகோட்டுகிறவர், வலை வீசுகிறவர், விடியற்காலையில் வாளியால் தண்ணீர் மொண்டு வெப்பநிலை பார்க்கிறவர், தொட்டிகளில் காற்றுக் குழாய் அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறவர், மழைமானியைப் படிக்கிறவர். விஞ்ஞானி மூன்று ஆண்டுத் திட்டம் முடிந்ததும் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவார். ஆராய்ச்சி மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். இவர்கள்தாம் முப்பது ஆண்டுகள் அங்கேயே இருக்கிறார்கள். ஆனால் பயிற்சிப் பட்டறை என்று வரும்போது அழைப்பிதழ் இவர்கள் கைக்குப் போவதில்லை. இது தவறு என்பது என் கட்சி. ஏன் தவறு என்பதை நானே தலைகுனிந்து கற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலோர ஆய்வுக்கூடத்தில் (பெயர் வேண்டாம்) அளவீட்டுப் பிழைகளைப் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். இரண்டு மணி நேரம் கரும்பலகை நிறைய எழுதினேன். சராசரி, திட்ட விலக்கம், பிழையின் சதவீதம் எல்லாம் வந்தன. எதிரே இருபது பேர், எல்லாரும் பட்டதாரிகள். ஐம்பது வயதைத் தாண்டிய படகோட்டி ஒருவர் வாசலருகே நின்றிருந்தார். தேநீர் கொண்டுவந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பேச்சு முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனபிறகு என்னிடம் வந்தார்.

"சார், ஒரு சந்தேகம். சித்திரை, வைகாசி ரெண்டு மாசமும் ஒரு சொட்டு மழை இல்ல. ஆத்துல தண்ணி வரல. ஆனா நோட்டுல கழிமுகத்து உப்பு கொறைஞ்சிருக்கு. எப்படி சார் கொறையும்?"

"யார்கிட்டயாவது சொன்னீங்களா அண்ணே?"

"என்னை யார் சார் கேக்குறாங்க?"

அவர் கேட்டது நல்ல கேள்வி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்றுநீர் வந்து கலப்பதால் கழிமுகத்தில் உப்பு குறையும். கோடையில் ஆறு வறண்டு, வெயிலில் நீர் ஆவியாக, உப்பு ஏறும். கோடையில் குறைய வழியில்லை. நானும் அவரும் கருவியை எடுத்துப் பார்த்தோம்.

அது கையடக்கமான ஒளிவிலகல்மானி. ஒளிவிலகலை நீங்கள் பத்தாம் வகுப்பிலேயே படித்திருக்கிறீர்கள். தூய நீரின் ஒளிவிலகல் எண் 1.333; கடல்நீருக்கு ஏறத்தாழ 1.339. இந்த 0.006 வித்தியாசத்தை வைத்துத்தான் உப்பின் அளவைச் சொல்கிறது கருவி. பட்டகத்தின் மேல் ஒரு சொட்டு நீரை விட்டு, மூடியைச் சாத்தி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துக் கண்ணை வைத்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு அளவுகோலில் தெரியும். கடல்நீரானால் கோடு 35-க்குப் பக்கத்தில் நிற்கும். அதாவது ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்பு. ஆனால் தொடங்குமுன் காய்ச்சி வடித்த நீரை ஒரு சொட்டு விட்டுக் கோடு சரியாகப் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துத் திருகைச் சரிசெய்ய வேண்டும்.

அந்த ஆய்வுக்கூடத்தில் காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோயிருந்தது. யாரோ நல்ல எண்ணத்தில் அதே பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதானே! அந்தக் குழாய்த் தண்ணீரில் ஒரு லிட்டரைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து ஆவியாக்கி எடைபோட்டேன். சுமார் ஒன்றரை கிராம் உப்பு மிஞ்சியது. அந்த நீரைப் பூஜ்யம் என்று வைத்தால் பிறகு பார்க்கிற ஒவ்வொரு அளவும் ஒன்றரை குறைவாகத்தான் காட்டும். மூன்று மாத அளவீடுகள் அப்படிக் கெட்டுப்போயிருந்தன. இதற்குள் ஓர் இளம் ஆய்வாளர், நிலத்தடி நீர் ஊறிக் கழிமுகத்தில் கலக்கிறதோ என்று விளக்கமெல்லாம் எழுதத் தொடங்கிவிட்டார் பாவம்!

பாட்டிலை நிரப்பியவர்மேல் எனக்குக் கோபமில்லை. "இந்தத் தண்ணீரை ஊற்று" என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஏன் இந்தத் தண்ணீர், ஏன் வேறு கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பிழையைக் கண்டுபிடித்தவரோ பட்டறைக்கு அழைக்கப்படாதவர். என் இரண்டு மணி நேரச் சொற்பொழிவில் இந்த இருவருக்கும் பயன்படக்கூடிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை என்பதை அன்றைக்கு ரயிலில் திரும்பும்போது உணர்ந்தேன்.

அளக்கும் முறை மாறினால் அளவும் மாறும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. அதில் கதாநாயகன் ஒரு வாளி. கப்பல்கள் செல்லுமிடமெல்லாம் கடல்மேற்பரப்பின் வெப்பநிலையைப் பார்த்துக் குறிப்பது நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கம். கயிற்றில் கட்டிய வாளியைக் கடலில் இறக்கி, நீரை மேல்தளத்துக்கு இழுத்து, வெப்பமானியை விட்டுப் பார்ப்பார்கள். பல கப்பல்களில் அது கித்தான் துணி வாளி. ஈரத்துணி வழியாக நீர் கசிந்து ஆவியாகும். ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்லும். உள்ளே இருக்கும் நீர் குளிரும். நம் வீட்டு மண்பானை தண்ணீரைக் குளிர்விப்பது இப்படித்தானே? ஆகவே கித்தான் வாளி கடலை உள்ளபடியைவிடச் சற்றுக் குளிர்ச்சியாகக் காட்டும். இன்னொரு முறை, என்ஜினைக் குளிர்விக்கக் கப்பலுக்குள் இழுக்கப்படும் கடல்நீரின் வெப்பநிலையைக் குழாயிலேயே பார்ப்பது. என்ஜின் அறையின் சூட்டால் இது சற்று அதிகமாகக் காட்டும்.

இரண்டாம் உலகப்போரின்போது பதிவான அளவுகளில் பெரும்பகுதி அமெரிக்கக் கப்பல்களுடையவை. அவை பெரும்பாலும் என்ஜின் குழாயில் பார்த்தன. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு கூடியது; அவை வாளியைப் பயன்படுத்தின. விளைவு, 1945-ல் உலகக் கடல்களெல்லாம் திடீரென்று ஏறத்தாழ 0.3 டிகிரி குளிர்ந்துவிட்டதுபோல் ஏட்டில் தெரிந்தது! உண்மையில் அப்படியொரு திடீர்க் குளிர்ச்சி இல்லை. இதை ஆராய்ந்து நான்கு விஞ்ஞானிகள் 'நேச்சர்' இதழில் கட்டுரை எழுதியது 2008-ல். அறுபத்துமூன்று ஆண்டுகள் ஆயின, பார்த்தீர்களா! பூமி எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று கணக்கிடுவதில் ஒரு டிகிரியின் பத்தில் ஒரு பங்குக்கே விவாதம் நடக்கிறது. அந்தப் பத்தில் ஒரு பங்கு கடைசியில் ஒரு மாலுமியின் கையிலிருந்த துணி வாளியில் வந்து நிற்கிறது. எந்த வாளி, வெயிலில் எவ்வளவு நேரம் வைத்தார், வெப்பமானியை நீருக்குள் வைத்தபடியே படித்தாரா, வெளியே எடுத்துப் படித்தாரா? இதையெல்லாம் குறித்துவைக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் எத்தனை பேருடைய உழைப்பு மிச்சமாகியிருக்கும்!

"கூலியாட்களுக்கு எதற்குத் தத்துவம்? சொன்னதைச் செய்தால் போதும்" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். அவருக்கு நான் சொன்ன பதில் நேப்பிள்ஸ் நகரத்துக் கதை. இத்தாலியின் நேப்பிள்ஸில் ஆன்டன் டோர்ன் என்ற ஜெர்மானிய விலங்கியலார் 1872-ல் நிறுவிய கடல் ஆய்வுக்கூடம், பிறகு உலகெங்கும் எழுந்த பல கடல் ஆய்வுக்கூடங்களுக்கு முன்மாதிரி. அங்கே 1874-ல் சால்வட்டோரே லோ பியாங்கோ என்ற உள்ளூர்ப் பையன் வேலைக்குச் சேர்ந்தான். வயது 14. உங்களில் பலருக்கு இப்போது அந்த வயதுதான். சொறிமீன் போன்ற மென்மையான கடலுயிர்களைப் புட்டியில் பாதுகாப்பது அந்நாளில் பெரும்பாடு. சாராயத்தில் போட்டால் சுருங்கி உருக்குலைந்துபோகும். லோ பியாங்கோ ஒவ்வோர் உயிருக்கும் எந்தத் திரவம், எவ்வளவு நேரம், எந்த வரிசை என்று பொறுமையாகச் சோதித்துச் சோதித்துக் கண்டுபிடித்தார். அவர் பதப்படுத்திய உயிர்கள் பல நாட்டு அருங்காட்சியகங்களுக்குப் போயின. கடற்படை அதிகாரிகள் நேப்பிள்ஸுக்கு வந்து அவரிடம் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு கப்பலேறினார்கள். அவர் தம் முறைகளை 1890-ல் வெளியிட்டார். களப்பணியாளர் பயிற்சிப் பட்டறை என்று நாம் இன்று சொல்வதை நேப்பிள்ஸில் அன்றே நடத்தியிருக்கிறார்கள். ஆசிரியர் ஒரு களப்பணியாளர்!

நம் பக்கத்திலேயே இதற்கு ஈடான கதை இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் இருளர் குடும்பங்களை நீங்கள் அறிவீர்கள். உங்கள் வகுப்பிலும் இருளர் மாணவர்கள் இருப்பார்கள். சென்னைக்குத் தெற்கே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தொடங்கப்பட்டது. பாம்புக்கடிக்கு மருந்து தயாரிப்பதற்கான நஞ்சை அது தருகிறது. அமெரிக்காவில் புளோரிடாவின் சதுப்பு நிலத்தில் வேற்று நாட்டு மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள உயிர்களையெல்லாம் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க 2017-ல் அங்கிருந்து அழைப்பு வந்தது யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்கு. தடத்தையும் எச்சத்தையும் பார்த்துப் பாம்பு இருக்குமிடத்தைச் சொல்லும் வித்தையை அங்கிருந்தவர்கள் அவர்களுடன் நடந்து கற்றார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர்கள் பள்ளிக்கூடத்தில் கற்றது சொற்பம். ஆனால் பல்கலைக்கழகத்தாருக்கே வழிகாட்டப் போனார்கள்.

நம் நாட்டில் முயற்சியே இல்லை என்று நான் சொல்லவில்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து அலையாத்திக் காடுகளைப் பற்றிப் பன்னாட்டுப் பயிற்சி வகுப்புகள் நடத்தியிருக்கிறது. பக்கத்திலேயே பிச்சாவரம் இருக்க, அதைவிட நல்ல வகுப்பறை ஏது? மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமோ இன்னும் ஒரு படி மேல். நாட்டில் பிடிபடும் கடல்மீன் எவ்வளவு என்று அந்த நிலையம் சொல்வது, படகுகள் வந்து சேரும் துறைகளில் அதன் களப்பணியாளர்கள் நின்று பார்த்து எழுதுவதை வைத்துத்தான். எல்லாத் துறையிலும் எல்லா நாளும் நிற்க முடியாது. ஆகவே துறையையும் நாளையும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, முதல் நாள் பகல் 12 முதல் மாலை 6 வரை, மறுநாள் காலை 6 முதல் 12 வரை நேரில் பார்த்து, இடைப்பட்ட இரவில் வந்த மீனை விசாரித்து எழுதுகிறார்கள். தனக்குத் தெரிந்த படகையே தினமும் பார்த்தால் என்ன கெடும் என்பது அந்தப் பணியாளருக்குப் புரிந்திருந்தாலொழிய இந்த ஏற்பாடு நடக்காது. அவர்களுக்கு அந்த நிலையம் பயிற்சியும் தருகிறது. மற்ற இடங்களிலும் இப்படி வர வேண்டும் என்பதே என் ஆசை.

அமெரிக்காவில் உயிரியல் களநிலையங்களுக்கென்றே ஒரு சங்கம் 1960-களிலிருந்து இருக்கிறது. நிலையப் பொறுப்பாளர்கள் ஆண்டுதோறும் ஏதாவது ஒரு நிலையத்தில் கூடி, ஆராய்ச்சியை மட்டுமல்ல, நிலையத்தை நடத்துவதில் உள்ள அன்றாடத் தொல்லைகளையும் பேசிக்கொள்கிறார்கள். அது நல்ல வழக்கம். ஆயினும் பொறுப்பாளரோடு நின்றுவிட்டால் நம் காரியம் நடக்காது.

எப்படிப்பட்ட பட்டறை வேண்டும் என்கிறேன்? முதலாவது, தமிழில். இரண்டாவது, நாற்காலி போட்ட மண்டபத்தில் அல்ல, படகிலும் தொட்டியருகிலும். கோப்பு, பேனா, குழுப்படம், சான்றிதழ் எல்லாம் இருக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் தினக்கூலிக்கு வேலை செய்கிறவரைப் பட்டறைக்கு அழைத்துவிட்டு அன்றைய கூலியைப் பிடித்தால் எவர் வருவார்? ஃபார்மலினைத் திறந்த அறையில்தான் கையாள வேண்டும், அதன் ஆவி கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும் என்பதையும் நடுக்கடலில் என்ஜின் நின்றால் என்ன செய்வது என்பதையும் முதலில் சொல்லிக்கொடுங்கள். ஆளின் உயிர் அளவீட்டைவிடப் பெரிது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: நாளில் பாதி நேரம் பணியாளர்கள் பேச வேண்டும், விஞ்ஞானிகள் குறிப்பெடுக்க வேண்டும். மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்கிறவர் பாத்தியின் நீரைப் பார்த்தே உப்பு விளையும் பதம் வந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். அடர்த்திமானியை மிதக்கவிட்டுப் பார்த்தால் சுமார் 25 டிகிரி பொமே என்று காட்டும். அவருக்கு அடர்த்திமானியைக் கற்றுக்கொடுப்பதும் நமக்கு அந்தப் பார்வையை அவர் கற்றுக்கொடுப்பதும் ஒரே பட்டறையில் நடக்கலாமே!

பணம் எங்கே என்பார்கள். நல்ல வெப்பமானி ஒன்று, ஐஸ்கட்டி ஒரு வாளி, காய்ச்சி வடித்த நீர் பத்து லிட்டர், தராசு ஒன்று. எந்தக் கல்லூரி இயற்பியல் கூடத்திலும் இவை கிடைக்கும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கல்லூரிகள் இருக்கின்றன. கழுவெளியும் கடலும் பஸ் தூரத்தில். ஆண்டுக்கு இரண்டு நாள், சனியும் ஞாயிறும். பறவை கணக்கெடுப்புக்கு முந்தைய வாரம் என்றால் இன்னும் நல்லது. ஆயிரம் பறவைக் கூட்டத்தை ஐந்து நொடியில் மதிப்பிடுவதற்குப் பழக்கம் வேண்டும். தாளில் துவரம்பருப்பைக் கொட்டிப் பழகலாம். நானே முதல் முறை ஐந்நூறு பருப்பை இருநூறு என்றேன்.

அந்தப் படகோட்டி அண்ணன் இன்றும் வேலையில் இருக்கிறார். இந்த முறை அழைப்பிதழ் வந்ததும், அவர் பெயரும் பட்டியலில் இருந்தால் வருகிறேன் என்று பதில் எழுதினேன். பேசுவோர் பட்டியலில் காலை 10 மணிக்கு அவர், 11 மணிக்கு நான் என்று போட்டிருக்கிறார்கள். ரயிலில் அந்த மாணவன் எட்டிப் பார்த்த அழைப்பிதழ் இதுதான்.

உங்களுக்கும் ஒரு வேலை. ஒரு பிளாஸ்டிக் வாளி, கெட்டித் துணியில் தைத்த பை, இரண்டு வெப்பமானிகள். ஒரே தொட்டியிலிருந்து இரண்டிலும் நீர் மொண்டு, காற்றோட்டமான நிழலில் தொங்கவிட்டு, நிமிடத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் வெப்பநிலையைக் குறியுங்கள். பிறகு வெப்பமானிகளை இடம் மாற்றி மீண்டும் ஒரு முறை பாருங்கள்; வித்தியாசம் வாளியினாலா, வெப்பமானியினாலா என்பது தெரிந்துவிடும். முடிவை இதழுக்கு எழுதி அனுப்புங்கள். நாள், நேரம், காற்று எப்படி இருந்தது என்பதோடு, வாளியைப் பிடித்தவர் பெயரையும் எழுதுங்கள்.